தந்தை கேட்டு வாங்கிய சிறை

பெற்ற மகனைச் சிறையில் அடைத்து வைக்கும்படி தந்தையே அரசனை வேண்டிக்கொள்வதும், அவ்வேண்டுகோளைக் குடும்ப கௌரவத்தைக் காக்கும் ராஜதர்மமாகக் கருதி அரசன் முத்திரையிட்ட கடிதத்தால் நிறைவேற்றி வைப்பதும் பிரான்ஸ் தேசத்தில் நெடுங்காலம் நடந்து வந்தன. அவ்வரசர்களின் சிம்மாசனத்தைப் புரட்சி கவிழ்த்த பின்பும், புரட்சியின் குழப்பத்திலிருந்து நெப்போலியன் ஒரு சாம்ராஜ்யத்தை எழுப்பி அதுவும் வீழ்ந்த பின்பும், முடியரசும் குடியரசும் மாறி மாறி வந்துபோன காலங்களிலும், தந்தைக்குரிய இந்த ஓர் அதிகாரம் உடை மாற்றிக்கொண்டதே தவிர உயிர் விடவில்லை. தந்தையின் கோரிக்கைக்காக ஒரு சிறுவனைச் சிறைச்சாலைக்கு அனுப்பலாகாது என்று அந்நாட்டுச் சட்டம் திட்டமாகச் சொல்வதற்கு 1935ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வர வேண்டியிருந்தது.

இவ்வழக்கத்தின் சரித்திரத்தை எழுதியோரிற் பெரும்பாலோர் அதனை அரசக் கொடுங்கோன்மையின் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கின்றனர். அது பொய்யன்று. எனினும் அத்தகைய முத்திரைக் கடிதங்களுள் அரசன் தன் பகைவரை ஒடுக்கத் தானாகப் பிறப்பித்தவற்றைக் காட்டிலும், குடும்பத்தார் கண்ணீரோடும் கோபத்தோடும் கேட்டு வாங்கியவையே மிகப் பலவாதலின், அரண்மனையை விட்டு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதே இவ்விஷயத்துக்குப் பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டு இல்லங்களில் பிள்ளைக்கு மீசை அரும்பத் தொடங்கியதும் தகப்பனார் அவனோடு நேருக்கு நேர் பேசுவது அருகிவிடுகிறது. பணம் வேண்டுமானால் மகன் தாயிடம் சொல்லுகிறான், இரவு தாமதமாக வந்தானானால் தகப்பனார் அவன் தாயிடந்தான் காரணம் கேட்கிறார். இருவர் சொல்லிலும் உள்ள சூட்டை ஆற்றி மறுபக்கத்துக்கு எடுத்துச் செல்லுகிறவள் அவளே. அவள் காலமாகிவிட்ட வீட்டில், மனைவியை இழந்தவரும் தாயை இழந்தவனும் தத்தம் துக்கத்தைப் பற்றி ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல், பணத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் மட்டும் பேசி மோதிக்கொள்ளுகிறார்கள். பிரெஞ்சுக் குடும்பங்கள் இவ்விஷயத்தில் நம் குடும்பங்களுக்கு அதிக தூரத்தில் இருந்தவை அல்ல.

நடைமுறை எப்படியிருந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் நகரத்தில் 1667ஆம் ஆண்டில் தலைமைப் போலீஸ் அதிகாரி என்றொரு பதவி ஏற்படுத்தப்பட்டது. மகனால் மனம் நொந்த தந்தை அவ்வதிகாரிக்கு ஒரு மனு எழுதுவார். எழுத்தறியாத தையற்காரராகவோ கூடை முடைபவராகவோ இருந்தால் மனு எழுதிப் பிழைப்பவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து எழுதுவிப்பார். மகன் இரவில் வீடு திரும்புவதில்லை, சூதாடுகிறான், வீட்டுப் பொருள்களை அடகு வைக்கிறான், சேர்த்துவிட்ட தொழிலில் நிலைப்பதில்லை, தகாத சேர்க்கையில் இருக்கிறான், இப்படியே போனால் தூக்குமரத்தில் முடிந்து குலத்துக்கே இழுக்குத் தேடி வைப்பான் என்று அம்மனு விவரிக்கும். அதன்கீழ் உறவினர்களும் அண்டை வீட்டார்களும், சில வேளைகளில் அவ்வட்டாரத்துப் பாதிரியாரும் கையொப்பமிடுவார்கள். போலீசார் வந்து விசாரித்துப் போவார்கள். பிறகு மந்திரியின் கையெழுத்தோடு அரசன் பெயரால் ஒரு கடிதம் பிறக்கும். அதிற் காரணமும் குறிக்கப்பட்டிராது, காலவரையறையும் குறிக்கப்பட்டிராது. அடைபட்டவனின் உணவுக்குரிய செலவைக் குடும்பமே கட்ட வேண்டும். வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் சான் லாசார் என்ற துறவியர் மடத்துக்கும், ஏழைகளின் பிள்ளைகள் பிசேத்ர் என்ற பெரிய அடைப்பு விடுதிக்கும் அனுப்பப்பட்டார்கள்.

பகிரங்கமான நியாயஸ்தலத்துக்குப் போகாமல் தகப்பன்மார் இந்த அந்தரங்க வழியை நாடியதற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் ஒருவன் நியாயஸ்தலத்தில் தண்டனை பெற்றால் அவ்வவமானம் அவனோடு நிற்பதில்லை. அவன் சகோதரிக்கு வரன் வருவது நின்றுவிடும், சகோதரனுக்கு உத்தியோகம் கிடைப்பது அரிதாகிவிடும். முத்திரைக் கடிதமோ தண்டனையாகவே எண்ணப்படவில்லை. அது தந்தையின் கண்டிப்புக்கு அரசன் இரவலாகக் கொடுத்த பலமாகவே எண்ணப்பட்டது. அம்மனுக்களிற் பல பாரிஸில் உள்ள ஆவணத் தொகுப்புகளில் இன்றும் இருக்கின்றன. அடைக்கும்படி எழுதிய அதே தந்தை, சில மாதங்கள் கழிந்ததும், பிள்ளை திருந்தியிருப்பான், குளிர்காலம் வருகிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சி எழுதியவையும் அவற்றுள் உண்டு. அக்கல்மனத்துக்கும் அக்கெஞ்சலுக்கும் நடுவே அவ்வீட்டில் நடந்தது என்ன என்பதை எந்த அதிகாரியும் எழுதி வைக்கவில்லை. கடலுக்கு அப்பால் அனுப்பிவிடுவதும் உண்டு. 1763ஆம் ஆண்டில், திருத்தவொண்ணாத நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய லா தெசிராதுக்கு நாடு கடத்தலாம் என்று ஓர் ஆணையே பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவ்வழக்கத்தில் அகப்பட்டுத் தப்பியவர்களுள் உலகம் முழுவதும் பெயரறிந்த ஒருவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பாரிஸில் அரூவே என்றொரு நோட்டரி இருந்தார். உழைப்பாளி, பிரபுக்களின் பத்திரங்களை எழுதி அவர்கள் நம்பிக்கையைப் பெற்றவர், பின்னர் நோட்டரித் தொழிலை விற்றுவிட்டு அரசாங்கக் கணக்கு மன்றத்தில் ஓர் உத்தியோகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டவர். 1701ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் மனைவி காலமானார். அப்போது கடைசி மகனுக்கு ஏழு வயது நிறையவில்லை. தந்தை மறுமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த மகன் கடுமையான மதப்பற்றிலே ஒதுங்கிவிட்டான். அவ்வீட்டிலே இளையவன் உள்ளன்போடு ஒட்டியிருந்தது தன் அக்காளிடத்தில். அவளும் 1709ஆம் ஆண்டில் மணமாகிப் புக்ககம் போய்விட்டாள். அதன் பின்பு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிற்பதற்கு அவ்வீட்டில் ஒருவரும் இல்லை.

மகனோ ஜெசூயிட் பாதிரிமார்களின் லூயி-ல-கிரான் கல்லூரியிலே படித்து, கவிதை எழுதுவதில் ஆசிரியர்களே வியக்கும் தேர்ச்சி பெற்று, 1711ஆம் ஆண்டில் வெளியே வந்தான். தான் எழுத்தாளனாகப் போவதாகச் சொன்னான். தந்தையின் காதுக்கு அது, தான் பட்டினி கிடந்து சாகப் போவதாக மகன் சொல்வது போலவே ஒலித்திருக்க வேண்டும். எழுத்தை நம்பி வாழ்வது அந்நாளில் ஒரு பிரபுவின் பந்தியில் கடைசி இடத்துக்குக் காத்திருப்பதாகவே இருந்தது. சட்டக் கல்லூரியிற் சேர்த்தார். மகன் அங்கே போவதைவிடக் கேளிக்கைப் பிரியர்களான பிரபுக்களின் விருந்துகளுக்குப் போவதில் அதிக ஊக்கம் காட்டினான். தந்தை அவனை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார். பின்பு 1713ஆம் ஆண்டில், மகனுடைய ஞானத்தந்தையின் சகோதரர் ஹாலந்துக்கு ஸ்தானாபதியாகச் செல்வதை அறிந்து, அவருடைய காரியதரிசியாக ஹேக் நகரத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மகன், பிரான்ஸை விட்டுக் குடியேறிய புராட்டஸ்டண்டுப் பெண்மணி ஒருவரின் மகள்மேல் காதல் கொண்டு, அவளைத் தன்னோடு பாரிஸுக்கு அழைத்துவந்துவிடச் சூழ்ச்சிகள் செய்து, அவள் தாயாரின் புகாருக்கு ஆளாகி, ஸ்தானாபதியின் மாளிகையிலேயே காவலில் வைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டான்.

அவன் வந்து சேர்வதற்குள் தந்தை முத்திரைக் கடிதம் வாங்கிவிட்டார். மகன் வீட்டுக்குப் போகாமல் நண்பர்களிடத்தில் ஒளிந்திருந்தான். அவனைச் சிறையில் இடுவதா, அமெரிக்கத் தீவுகளுக்குக் கப்பலேற்றுவதா என்பதே தந்தையின் யோசனை. ஒளிந்திருந்த இடத்திலிருந்து மகன் பணிந்து, கடல் கடந்து போகவும் சம்மதிக்கிறேன், போவதற்கு முன் தங்கள் பாதங்களைத் தொட்டு விடைபெற அனுமதிக்க வேண்டும் என்னும் கருத்துப்படச் சொல்லியனுப்பியதாகத் தெரிகிறது. தந்தை இறங்கி வந்தார். ஒரு வக்கீலின் அலுவலகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்து தொழில் பழக வேண்டும் என்பது நிபந்தனை. 1714ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மகன் அவ்வலுவலகத்தில் மேசை முன் உட்கார்ந்தான்; அங்கே வழக்குக் கட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த தியெரியோ என்ற இளைஞன் அவனுக்கு ஆயுட்கால நண்பனானான். வழக்கறிவு என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

இத்தந்தையைக் கடுமையானவர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம் என்றே நான் எண்ணுகிறேன். 1716ஆம் ஆண்டில் அதே மகன் ஆட்சிப் பிரதிநிதியைப் பழித்துக் கவி எழுதியதற்காகத் தொலைதூரத்துத் துயில் என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டபோது, உறவினர்கள் இருக்கும் சுல்லி என்ற ஊருக்கு அதை மாற்றித் தரும்படி வேண்டி மாற்றிக் கொடுத்தவர் இவரே. சிறைக் கடிதம் வாங்கியதும் மூன்றாண்டுகளுக்குள் இரக்கம் வேண்டியதும் ஒரே கைதான். மறு ஆண்டில் மகன் பாஸ்டீல் சிறையில் அடைபட்டுப் பதினொரு மாதம் இருந்தான். அது தந்தையின் செயலன்று, அரசாங்கத்தின் செயல். அங்கிருந்து வெளிவந்ததும் தந்தை கொடுத்த பெயரை அவன் களைந்துவிட்டான். 1718ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸில் அரங்கேறி அவனுக்குப் புகழ் தேடிக் கொடுத்த முதல் நாடகம், தந்தையைத் தந்தையென்று அறியாமற் கொன்ற ஈடிப்பஸ் மன்னனின் கதை. அதை எழுதியவன் வால்டேர் என்ற புதுப் பெயரால் அறியப்பட்டான். நோட்டரி 1722ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்தார். இளைய மகனுக்குரிய பங்கை அவன் தன்னிச்சையாகச் செலவழித்துவிடாதபடி கட்டுப்படுத்தியே உயில் எழுதி வைத்திருந்தார். முதிர்ந்த வயதிலும் வால்டேர் தான் அரூவேயின் மகனே அல்ல, வீட்டுக்கு வந்துபோன வேறொரு பிரபுவின் மகன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி கண்டார். தாயின் பெயருக்கு நேரும் களங்கத்தையும் பொருட்படுத்தாமல் ஒருவன் தந்தையை மறுக்கத் துணிவானாயின் அப்புண் எவ்வளவு ஆழமானது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நம் புதுச்சேரியோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. கூடலூர்க் கோட்டையைப் பிடித்து, தஞ்சாவூர்மேற் படையெடுத்து, சென்னையை முற்றுகையிட்டுத் தோற்று, வந்தவாசியில் முறிந்து, 1761ஆம் ஆண்டு ஜனவரியிற் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்த பிரெஞ்சுத் தளபதி லாலியை நம்மவர் அறிவர். பிரான்சுக்குத் திரும்பிய அவரைத் துரோகி என்று தீர்ப்பளித்து 1766ஆம் ஆண்டு மே மாதத்தில் தலை கொய்தனர். மண உறவுக்கு வெளியே பிறந்த அவர் மகன் பாரிஸில் ஒரு கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தான். தன் தகப்பனார் யார் என்பது பதினைந்து வயதான அப்பையனுக்குத் தெரிவிக்கப்பட்டது தண்டனைக்கு முந்திய நாளில்தான். அத்தகப்பனோடு ஒருநாளும் வாழ்ந்திராத அம்மகன் பின்னர்த் தன் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை அவர் பெயரின் களங்கத்தைத் துடைப்பதற்கே செலவிட்டான். அவனுக்குப் பேனாவாலும் செல்வாக்காலும் முன்னின்று துணை செய்தவர் வால்டேர். 1778ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தீர்ப்பு ரத்தானது. மரணப் படுக்கையிற் கிடந்த வால்டேருக்கு அச்செய்தி எட்டியதும் அம்மகனுக்கு மகிழ்ச்சி தெரிவித்து மே 26ஆம் தேதி எழுதிய கடிதமே அவருடைய கடைசிக் கடிதமாயிற்று. நான்கு நாட்களில் அவர் மறைந்தார். தன் தந்தையின் பெயரை உதறியவர் இன்னொரு மகனுக்கு அவன் தந்தையின் பெயரை மீட்டுக் கொடுத்தார் என்ற இச்செய்தியை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் கனியாமல் இருந்ததில்லை.

வால்டேருக்கு அடுத்த தலைமுறையில் இவ்வழக்கத்தின் மிகப் பெரிய பலி மிராபோ. அவருடைய தகப்பனார் மனிதகுலத்தின் நண்பன் என்ற பொருள்படும் பெயருடைய நூலை எழுதிப் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர். தாயார் இறக்கவில்லை, ஆனால் கணவரை விட்டுப் பிரிந்து அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். அம்மை வடுவேறிய முகமும் அடங்காத சுபாவமும் உடைய மகனை, குடும்பப் பெயர் கெடாதபடி வேறொரு பெயர் சூட்டி ஒரு பள்ளியிற் சேர்த்ததும், பத்தொன்பதாம் வயதில் ரே தீவில் அடைத்ததும், பின்னர் இஃப் கோட்டையிலும் ஜூ கோட்டையிலும் வேன்சேன் கோட்டையிலுமாக மாற்றி மாற்றி அடைத்து வைத்ததும் அத்தந்தையே. வேன்சேனில் இருந்தபடி மிராபோ முத்திரைக் கடிதங்களைக் கண்டித்து எழுதிய நூல் 1782ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எட்டு ஆண்டுகளில், அவர் அங்கத்தினராக வீற்றிருந்த புரட்சிக் காலத் தேசிய சபையே, 1790ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வழக்கத்தை ஒழித்தது.

ஒழித்த சபைக்கு அடங்காப் பிள்ளைகளின் பிரச்சினை ஒழிந்துவிடவில்லை என்பது தெரிந்திருந்தது. ஆகவே அவ்வாண்டு ஆகஸ்டில் குடும்ப நியாயஸ்தலம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். தந்தை நேரே சிறை கேட்க முடியாது. நெருங்கிய உறவினர்களும், அவர்கள் போதாவிட்டால் நண்பர்களும் அண்டை வீட்டாரும் கூடி, இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அடைப்பு ஓராண்டுக்கு மேற்படலாகாது. நீதிபதியின் இசைவும் வேண்டும். நம் கிராமத்துப் பெரியவர்கள் திண்ணையிற் கூடி, தாய்மாமனையும் வைத்துக்கொண்டு, தகப்பனையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி முடிப்பதை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, அச்சபை செய்த காரியங்களுள் அறிவு மிக்கவற்றில் ஒன்று என்பது என் துணிபு. அது ஆறாண்டு காலமே நிலைத்தது.

பிறகு நெப்போலியனின் சிவில் சட்டம், 1804ஆம் ஆண்டில். தந்தையதிகாரம் பற்றிய அதன் அத்தியாயம் மிகச் சிறியது. ஆனால் அதன் ஒவ்வொரு விதியும் நின்று படிக்கத்தக்கது. பதினாறாம் வயது தொடங்காத பிள்ளையை ஒரு மாதம் வரையில் அடைத்து வைக்கத் தந்தை கேட்கலாம்; கேட்டால் நீதிமன்றத் தலைவர் ஆணை பிறப்பித்தே தீர வேண்டும், மறுக்க அவருக்கு உரிமையில்லை. பதினாறாம் வயது தொடங்கிய பின் ஆறு மாதம் வரையில் கேட்கலாம். ஆனால் அப்போது நீதிபதி அரசாங்க வக்கீலோடு கலந்து ஆலோசித்து, கொடுக்கவோ மறுக்கவோ காலத்தைக் குறைக்கவோ செய்யலாம். இரு வகையிலும் ஆணையைத் தவிர வேறு எழுத்துமூலம் எதுவும் வேண்டியதில்லை. அவ்வாணையிலும் காரணம் குறிக்கப்படாது. உணவுச் செலவுக்குத் தந்தை கையொப்பமிட வேண்டும். முத்திரைக் கடிதத்தின் மூன்று லட்சணங்களாகிய அந்தரங்கம், காரணமின்மை, குடும்பச் செலவு ஆகிய மூன்றும் அப்படியே திரும்பி வந்துவிட்டன.

இச்சட்டத்தை எழுதியவர்கள் தாயில்லாத வீட்டை நினைக்காமல் இல்லை. மறுமணம் செய்துகொண்ட தந்தை, பிள்ளை எவ்வளவு சிறியவனாயினும், நீதிபதியின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டே கேட்க முடியும் என்று ஒரு விதி செய்தார்கள். புதிதாக வந்த மனைவியின் பேச்சைக் கேட்டு மூத்தாள் பிள்ளையை அவன் வதைத்துவிடக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்று நம் பாட்டிமார்கள் சொல்லும் பழமொழியை நெப்போலியனின் சட்ட நிபுணர்கள் தம் பாஷையில் விதியாக எழுதி வைத்தார்கள் என்று சொல்லலாம். கணவனை இழந்த தாய்க்கு இன்னும் கடுமையான கட்டு: மறுமணம் செய்துகொள்ளாதவளாயினும், கணவனின் நெருங்கிய உறவினர் இருவர் சம்மதம் இருந்தாலன்றி அவள் பிள்ளையை அடைக்கக் கேட்க முடியாது. ஆக, விதவைக்கு இரண்டு உறவினர் துணை வேண்டும்; மறுமணம் செய்தவனுக்கு நீதிபதி துணை வேண்டும்; மனைவியை இழந்து தனியே நிற்கும் தகப்பனுக்கு மட்டும், பிள்ளைக்குப் பதினாறாம் வயது தொடங்கும் வரையில், ஒருவர் துணையும் வேண்டாம். அவன் துக்கத்தாலும் தனிமையாலும் நிதானம் தவறக்கூடும் என்றோ, அவ்வீட்டில் முன்பு அவனைத் தடுத்துப் பேசிய ஒரு குரல் இப்போது இல்லை என்றோ அவர்கள் எண்ணவில்லை. உயிரோடிருந்தபோதும் தாயின் சம்மதம் கேட்கப்படாத ஒரு சட்டத்தில், அவள் இறந்துபோனது எப்படிக் கணக்கில் வரும்? இவ்வதிகாரத்தின் சரித்திரம் முழுவதிலும் மிகக் கொடிய பிழை எதுவென்று என்னைக் கேட்டால், பிசேத்ரின் இருட்டறைகளைவிட இந்த மௌனத்தையே நான் சுட்டுவேன்.

பாரிஸில் அப்படி அடைபட்ட சிறுவர்கள் 1836ஆம் ஆண்டுக்குப் பின் போய்ச் சேர்ந்த இடம் லா ரொக்கேத் என்னும் சிறுவர் சிறை. ஆறு கோணமாக, மூலைகளிற் கோபுரங்களோடு, நடுவிலிருந்து எல்லாப் பக்கத்தையும் கண்காணிக்கும்படி கட்டப்பட்ட கட்டடம் அது. சில ஆண்டுகளுக்குள் அங்கே தனியறை முறை கொண்டுவரப்பட்டது. ஒருவன் முகத்தை மற்றொருவன் பார்க்கலாகாது, ஒருவன் குரலை மற்றொருவன் கேட்கலாகாது. கெட்ட சேர்க்கையிலிருந்து காப்பதற்கே அது செய்யப்பட்டதென்பதை மறுக்க முடியாது. திருடிய பையனும், திருடாமல் தகப்பனோடு சண்டையிட்டு மட்டுமே வந்த பையனும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தமையால் அந்த எச்சரிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஆனால் வீட்டிலே பேச ஒருவரும் இல்லாமையால் கெட்டுப்போனவனை, பேச ஒருவரும் இல்லாத அறையில் அடைத்துத் திருத்த முயன்ற அறியாமையை என்னென்பது? 1865ஆம் ஆண்டில் சக்கரவர்த்தினி யூஜெனி அச்சிறையைப் பார்வையிட்டு மனம் கலங்கி, தனியறை முறையை அங்கே நிறுத்துவதற்கு முயற்சி எடுத்தார்.

அதற்கு முன்பே வேறொரு வழியை யோசித்தவர் தெமெத்ஸ் என்ற நீதிபதி. தாம் தண்டித்த சிறுவர்களின் கதியை எண்ணி வருந்திப் பதவியைத் துறந்து, தூர் நகரத்துக்கு அருகே மெத்ரே என்ற இடத்தில் 1839ஆம் ஆண்டில் ஒரு விவசாயக் குடியேற்றத்தை நிறுவினார். மதிற்சுவர் கிடையாது. சிறுவர்களை நாற்பது பேர் அளவில் தனித்தனி வீடுகளில் வைத்து, ஒவ்வொரு வீட்டையும் குடும்பம் என்றே அழைத்து, குடும்பத் தலைவர் ஒருவரையும், சிறுவர்களே தேர்ந்தெடுக்கும் மூத்த சகோதரர் இருவரையும் அவர்களுக்கு நியமித்தார். தகப்பனையும் தமையனையும் இப்படி நியமித்தவர், தாய்க்குரிய ஸ்தானத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார். துன்பத்தின் வேர் எங்கிருக்கிறது என்பதை அக்குடியேற்றம் பாதியளவே கண்டுகொண்டது. 1855ஆம் ஆண்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே தந்தையில்லம் என்ற தனிக் கட்டடம் அங்கே எழுந்தது. அங்கு வந்த பிள்ளையின் பெயரை இயக்குநரைத் தவிர மற்றவர் அறியார்; அறைக்குள்ளேயே பாடம், அறைக்குள்ளேயே உணவு; ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக அறைக்கு வந்து கற்பித்துப் போவார்கள். தேர்வில் தவறிய பையன்களும் கடன் வாங்கிய பையன்களும் சில வாரங்களோ சில மாதங்களோ அங்கே இருந்துவிட்டு, உலகத்துக்குத் தெரியாமல் வீடு திரும்பினார்கள். 1909ஆம் ஆண்டில் அங்கிருந்த ஒரு சிறுவன் தன்னுயிரைப் போக்கிக்கொண்டான். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, தந்தையில்லம் மூடப்பட்டது.

இச்சட்டத்தின் நிழல் நம் மண்ணிலும் படிந்ததுண்டு. பிரெஞ்சுச் சிவில் சட்டம் 1819ஆம் ஆண்டில் புதுச்சேரியில் அமலுக்கு வந்தபோது, இந்நாட்டு மக்களின் குடும்ப விவகாரங்கள் அவரவர் சாதி வழக்கப்படியே நடக்கலாம் என்று விட்டுவைக்கப்பட்டன. 1881ஆம் ஆண்டில், தம் வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பச் சட்டத்தை ஏற்க விரும்புவோர் ஏற்கலாம் என்று ஆணை வந்தது; பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞரைப் பின்பற்றிப் பல தமிழ்க் குடும்பங்கள் அவ்வாறு பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ்ச் சென்றன. அவர்கள் விரும்பிப் பெற்றது சமத்துவத்தை. ஆயினும் தந்தையதிகாரத்தைப் பற்றிய அத்தியாயமும் அச்சட்டத்தின் ஓர் அங்கமேயாம். ஆங்கிலேயர் ஆண்ட சென்னை ராஜதானியிலோ 1920ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிறுவர் சட்டம், தன் கட்டுக்கு அடங்காத பிள்ளையைப் பற்றித் தகப்பன் நீதிமன்றத்தில் முறையிட இடம் கொடுத்தது. எனினும் அங்கே நீதிபதி விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ ஒருவரின் மேற்பார்வையில் வீட்டிலேயே விட்டுவைக்கவோ முடியும். காரணம் எழுதாத ஆணை என்பது அச்சட்டத்தில் இல்லை.

பிரான்ஸிலும் காற்றுத் திசை மாறிக்கொண்டிருந்தது. 1889ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையைக் கொடுமை செய்யும் தந்தையிடமிருந்து அதிகாரத்தையே பறித்துவிடலாம் என்றது. தந்தையும் தவறக்கூடியவன் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது. 1912ஆம் ஆண்டில் சிறுவர் நீதிமன்றங்கள் பிறந்தன. குற்றம் செய்த சிறுவனின் வீட்டு நிலையை விசாரித்தறிய வேண்டும் என்று அச்சட்டம் விதித்ததோடு, அவனைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே விட்டு, அவனையும் அவன் பெற்றோரையும் அடிக்கடி சென்று பார்த்து நீதிபதிக்குத் தெரிவிக்கும் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும் வழி செய்தது. கடைசியாக 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதிச் சட்டம் குற்றம் ஏதும் செய்யாது தந்தையோடு மட்டும் முரண்பட்டு நின்ற பிள்ளையின் விஷயத்துக்கும் விசாரணையைக் கொண்டுவந்தது. தந்தை மனுச் செய்யலாம். ஆனால் விசாரணைக்குப் பின் நீதிபதி அவனை ஒரு கல்வி நிலையத்துக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ நம்பத்தக்க வேறொருவரின் இல்லத்துக்கோ அனுப்பலாமேயன்றிச் சிறைக்கு அனுப்ப முடியாது. அதே நாளில் பிறந்த மற்றொரு சட்டம், பிள்ளையின் நலம் கெடும் வீட்டுக்குச் சமூக ஊழியர் ஒருவரை அனுப்பிப் பெற்றோருக்குத் துணை நிற்கச் செய்ய நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. அவ்வூழியர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் மாடிப்படி ஏறிச் சென்று கதவைத் தட்டி, தகப்பனை ஒருபுறம் இருத்தி அவன் சொல்வதைக் கேட்டார்கள். பிறகு பிள்ளையைத் தனியே அழைத்து அவன் சொல்வதையும் கேட்டார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டு போய் நீதிபதியின் மேசைமேல் வைத்தார்கள்.